கப்பல் துறையில் முப்பத்து நான்காவது ஆள்

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதன் கீழே ஒரு பள்ளி ஆசிரியரின் வெள்ளைச் சட்டை இருந்தது. பான் தொக்-சு அதை மறந்துவிட்டார். அவர் கண்கள் கல்லாவின் மேல் இருந்த கணினித் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“முப்பத்து நாலு,” என்றார். “நேத்து முப்பத்து ரெண்டா இருந்துச்சு.”

“புகை வருதுப்பா,” என்றாள் சே-ரின்.

கடை மூலையில், பழுதாகிக் கிடந்த நீராவி அழுத்தியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் அவருடைய ஒரே மகள். தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகியும் தூக்கம் போதாத முகம். ஆனாலும் அந்த முகத்தில் கவலை என்று எதுவும் இல்லை. கவலை முழுவதையும் அப்பாவே மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டதால் அவளுக்கு மிச்சம் கிடைக்கவில்லை போலும்.

அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஒத்திகை விண்ணப்பம். நிஜ விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணைப் போட்டு விரும்பிய துறையைத் தொட்டால், இதுவரை அந்தத் துறைக்கு ஆசைப்பட்டவர்களில் தனக்கு எத்தனையாவது இடம் என்று காட்டும். பெயர் தெரியாது. புனைபெயரும் மதிப்பெண்ணும் மட்டும் தெரியும். கிடைக்கும் என்றால் பச்சை, கிடைக்காது என்றால் சிவப்பு. சே-ரினின் வரி அன்று ஆரஞ்சு நிறத்தில், அவள் கையிலிருந்த பழத்தைப் போலவே மின்னியது. துறை, கப்பல் கட்டுமானப் பொறியியல். இடங்கள் முப்பது.

“நாலே நாலு பேரு,” என்றார் தொக்-சு, கருகிய காலரைத் தூக்கிப் பார்த்தபடி. “நாலு பேரைக் கிளப்பிட்டா போதும்.”

“ஒத்திகைதானேப்பா அது. பாதிப் பேரு சும்மா விளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க.”

“நீ பழத்தைத் தின்னு.”

சே-ரினுக்கு இது இரண்டாவது முறை. போன வருடம் ஒரே ஒரு இடத்தில் தவறியது. ஒரு முழு வருடத்தைப் பயிற்சி மையத்தின் ஜன்னல் இல்லாத அறையில் கழித்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது முறை உட்கார மாட்டேன், இந்தத் தடவையும் பொறியியல் கிடைக்காவிட்டால் இஸ்திரிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். தொக்-சு அந்தப் பெட்டியை முப்பது வருடமாகப் பிடிக்கிறார். அதை மகள் கையில் கொடுப்பதை நினைத்தாலே அவருக்குத் தோள்பட்டை வலிக்கும்.

போன வருடம் தவறியதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி நாளன்று, ஆளே போடாமல் காலியாகக் கிடந்த ஒரு துறையைச் சே-ரின்தான் கண்டுபிடித்தாள். அந்தச் சந்தோஷத்தைத் தாங்கமாட்டாமல், துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே அந்த ரகசியத்தை அவர் விநியோகித்தார். யோசு நகரத்தில் தேர்வு எழுதிய மருமகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ இல்லாத வாடிக்கையாளர் யார் இருக்கிறார்? சாயங்காலத்துக்குள் துறை நிரம்பி வழிந்தது. சே-ரின் அன்றைக்குச் சோறு மட்டும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாள்.

இந்த வருடம் சரிக்கட்டியே தீருவது என்று இருந்தார் தொக்-சு. அதனால்தான், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், எந்தத் துறை என்று அவர் பத்தாவது தடவையாகக் கேட்டபோது, “கப்பல் கட்டுறதுப்பா, அதுதான்” என்று மகள் சொன்னதும், அவர் கிம்ச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண் கலங்கினார். கப்பல் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. துறைமுகத்து ஊரில் பிறந்தும் அவர் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஏறினால் வாந்தி வரும்.

அன்று கடையைச் சாத்துவதற்கு முன்பே அவருக்கு யோசனை வந்துவிட்டது. மேலே இருக்கும் நாலு பேரைக் கிளப்ப வேண்டும். கிளப்புவதற்கு என்ன வழி? அவர்களுக்கும் மேலே யாராவது வந்து உட்கார்ந்தால் பயந்து ஓடுவார்கள். மனைவி மி-சுக்கின் கைப்பேசியை வாங்கி, அதில் வந்த சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, நாட்டிலேயே முதல் வரிசையில் நிற்கிற மாதிரி மதிப்பெண்களுடன் ஒரு மாணவனை உருவாக்கினார். புனைபெயர் வேண்டும் என்றது தளம். எதிரே தொங்கிய உடுப்பின் சீட்டைப் பார்த்து, ‘சாம்பல் கோட்டு’ என்று போட்டார்.

மறுநாள் காலை சே-ரின் முப்பத்து மூன்று. தொக்-சு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். சாம்பல் கோட்டு மேலே வந்ததால் ஒரு இடம் கீழே போயிருக்க வேண்டும், ஆனாலும் ஒன்று ஏறியிருக்கிறாள் என்றால் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அவர் இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினார். வாடிக்கையாளர்கள் துணியை வாங்கிக்கொண்டு சீக்கிரமாகப் போனார்கள்.

ஒரு கோட்டுக்கே இரண்டு பேர் என்றால், இன்னும் கொஞ்சம் கோட்டுகள் வந்தால்? மைத்துனன் எண்ணில் ‘கோடு போட்ட கால்சட்டை’ வந்தது. தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த தாக் அம்மாள் கம்பளி அங்கியை வாங்க வந்தபோது, துணி தயாரானால் தகவல் வரும், அதற்கு உங்கள் கைப்பேசியில் ஒரு எண் வரும், கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ‘ஊதா அங்கி’ நேராக இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பட்டியலைப் பார்க்கவே கம்பீரமாக இருந்தது. உச்சியில் மூன்று மேதைகள், அவர்களுக்குக் கீழே சாதாரண மனிதர்கள். இனி எவனுக்குத் தைரியம் வரும்?

தைரியம் எல்லாருக்கும் வந்தது.

பிள்ளைகளும் பெற்றோர்களும் கூடிப் பேசும் இணைய அரங்கில் யாரோ ஒருவர் கேட்டிருந்தார், மருத்துவத்துக்கே போகக்கூடிய மதிப்பெண் உள்ள மூன்று பேர் ஏன் நம் கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டப் போகிறார்கள் என்று. அடுத்தவர், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றார். அதற்கும் அடுத்தவர், தெரிந்திருப்பது என்னவென்றே சொல்லிவிட்டார். பெரிய கப்பல் கட்டும் தளம் ஒன்று இந்த வருடத்து வகுப்பு முழுவதையும் அப்படியே வேலைக்கு எடுக்கப்போகிறதாம், விடுதிக் கட்டணமும் அவர்களே கட்டுவார்களாம். சாயங்காலத்துக்குள், விடுதியில் மூன்று வேளையும் மீன் உண்டு என்பது வரைக்கும் விவரம் வந்துவிட்டது.

எந்திரப் பொறியியலிலிருந்து வந்தார்கள். மின் பொறியியலிலிருந்து வந்தார்கள். வேதிப் பொறியியலில் பச்சை நிறத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். சே-ரின் ஐம்பத்து இரண்டு.

போதாக்குறைக்கு தாக் அம்மாள் கடைக்குள் நுழைந்தார். கைப்பேசியைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, பாடும் குரலில் படித்தார்.

“வாழ்த்துகள். கப்பல் கட்டுமானப் பொறியியலில் நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறீர்கள். முதலாளி, எனக்கு வயசு அறுபத்து ஒண்ணு. துணி வெளுக்கப் போட்டா இப்படியெல்லாமா வரும்?”

“ஏதோ தப்பா வந்திருக்கு அக்கா. அழிச்சிடுங்க.”

“ஏன் அழிக்கணும்? என் வீட்டுக்காரரு நாப்பது வருஷமா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு இருக்காரு. காட்டினேன். மனுஷன் கண்ணாடியைத் தொடச்சு ரெண்டு தடவை படிச்சாரு.” கொஞ்சம் குனிந்து குரலைத் தணித்தார். “குழுவுல எல்லார்கிட்டயும் காட்டினேன். ரெண்டு பேரோட பிள்ளைங்க தேர்வு எழுதியிருக்காங்களாம். அதிர்ஷ்டமான துறைன்னு அங்கேயே போடச் சொல்லியிருக்காங்க.”

ஐம்பத்து நான்கு.

அன்று இரவுச் சாப்பாட்டில் தொக்-சு சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மி-சுக், “ஏங்க, அதுல என்ன தேடறீங்க?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார். அப்பா இப்போதெல்லாம் பட்டியலைப் பார்க்கிறாரா என்று சே-ரின் கேட்டாள். பார்க்கவே இல்லை, உன் விஷயத்தில் இந்த வருடம் நான் தலையிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, சூப்பைக் குடிக்கும் சாக்கில் கிண்ணத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சே-ரின் ஒரு மீன் துண்டை எடுத்து அவர் சோற்றின் மேல் வைத்தாள். பாசமான பிள்ளை என்று நினைத்து இன்னும் நொந்தார் தொக்-சு.

மேதைகள் வந்ததால்தானே கூட்டம்? மேதைகளை எடுத்துவிட்டால் கூட்டமும் போய்விடும். மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, சாம்பல் கோட்டு, கோடு போட்ட கால்சட்டை, ஊதா அங்கி மூன்றையும் ஒரே மூச்சில் விலக்கினார்.

அரங்கில் அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருவர் எழுதினார், பெரிய மீன்கள் மூன்றும் பயந்து வெளியே போய்விட்டன, கூட்டத்தைப் பார்த்து எல்லாரும் ஓடப்போகிறார்கள், கடைசியில் இந்தத் துறை காலியாகத்தான் கிடக்கும் என்று. காலி என்ற சொல்லைக் கேட்டால் எந்தப் பெற்றோர்தான் சும்மா இருப்பார்கள்? அதுவரை தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் உள்ளே குதித்தார்கள். சே-ரினைவிட இரண்டு மூன்று மதிப்பெண் கூட வைத்துக்கொண்டு வேறு துறைகளில் நிச்சயமில்லாமல் தவித்தவர்கள், இங்கே நிச்சயம் கிடைக்கும் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

எழுபத்து ஒன்று. ஆரஞ்சு போய்ச் சிவப்பு வந்தது.

தாக் அம்மாளும் வந்தார். இந்தத் தடவை பாட்டு இல்லை.

“என்னை எதுக்கு எடுத்தாங்க?”

தொக்-சு தெரியாது என்றார்.

“ரெண்டாவது இடத்துல இருந்தவளை ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரரு காலையில இருந்து சிரிக்கிறாரு. நீங்க கொஞ்சம் அந்தக் கம்ப்யூட்டர்ல பாருங்களேன் முதலாளி. ரெண்டாவது வேண்டாம். ஒரு பத்தாவது இடம் கொடுத்தாக்கூட எனக்குப் போதும்.”

அன்று மத்தியானம் தொக்-சு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். அரங்கில், அந்தத் துறையில் படித்துவிட்டு இருபது வருடம் கப்பல் கட்டிய பொறியாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரு நீண்ட பதிவு எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதியதிலேயே அதுதான் மிக நீளமானது. இந்தத் துறைக்கு வராதீர்கள் பிள்ளைகளே என்று தொடங்கினார். கடல் காற்றில் முடி கொட்டும், பெண் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் கல்யாணத்துக்கு விடுப்பு கிடைக்காது என்று வளர்ந்தது. எழுதும்போதே அந்தப் பொறியாளர் மேல் அவருக்கு இரக்கம் சுரந்து, மூக்கை உறிஞ்சினார். உணர்ச்சிவசப்பட்டுக் கடைசிப் பத்தியில், கப்பல் எண்ணெய்க் கறை பருத்தியில் பட்டால் உடனே மாவு தூவி வைக்க வேண்டும், கம்பளியில் பட்டால் போகவே போகாது, அதுவும் காலரின் உள்மடிப்பில் பட்டால் கடவுளே வந்தாலும் முடியாது என்று விரிவாக எழுதி முடித்தார்.

முதல் பதில் அடுத்த நிமிடமே வந்தது: “இவர் பொறியாளர் இல்லை. சலவைக்கடைக்காரர்.”

இரண்டாவது பதில்: “சலவைக்கடைக்காரர் எதுக்கு நம்மளைத் துரத்தணும்? பிள்ளைக்கு அங்க இடம் வேணும். அப்படின்னா அங்க ஏதோ இருக்கு.”

அதற்குப் பிறகு வந்த பதில்களைத் தொக்-சு படிக்கவில்லை. கணினியை அணைத்துவிட்டு, அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

நிஜ விண்ணப்பத்தின் கடைசி நாளும் வந்தது. மூன்று விண்ணப்பங்கள் போடலாம். மற்ற இரண்டையும் பேருக்குத் தூரத்துக் கல்லூரிகளில் போட்டுவிட்டு, கடற்கரைப் பல்கலைக்கழகத்தை மட்டும் கடைசி மணி நேரத்துக்கு நிறுத்தி வைத்திருந்தாள் சே-ரின். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு இடத்துக்கு எத்தனை பேர் என்று பல்கலைக்கழகம் மத்தியானம் வரைக்கும் காட்டிக்கொண்டே வரும், அப்புறம் திரையை மூடிவிடும். மூடிய பிறகு இருட்டில் குதிப்பதுதான் மிச்சம். தோழி யூ-ஜின்னுடன் இணைய விளையாட்டுக் கடைக்குப் போய், அங்கிருந்தே போடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வீட்டில் போட்டால் என்ன என்று கேட்க வாயெடுத்தார் தொக்-சு. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று விட்டுவிட்டார்.

திரை மூடுவதற்கு முன் கடைசியாகக் காட்டியதைப் பார்த்தார். பல்கலைக்கழகத்திலேயே அதிக நெரிசல் கப்பல் கட்டுமானத்தில்தான். ஒரு இடத்துக்குப் பன்னிரண்டு பேர்.

தொக்-சு ஓர் ஓரத்தில் போய், தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு மகளுக்குப் போன் செய்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினார். சாம்பல் கோட்டு நான்தான் என்றார். ஊதா அங்கியும் நான்தான் என்றார். முடி கொட்டிய பொறியாளரும் நான்தான் என்றபோது குரல் உடைந்துவிட்டது. மறுமுனையில் விளையாட்டுத் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன.

“அப்பா அழறீங்களா?”

“இல்ல. நீராவி. கண்ணு, நான் சொல்றதைக் கேளு. கப்பலை விட்டுடு. வேற எதையாவது போடு. அப்பா போன வருஷமும் கெடுத்தேன், இந்த வருஷமும் கெடுத்துட்டேன்.”

“எனக்கு எங்க போடணும்னு தெரியும்ப்பா. அங்கதான் போடுவேன். நீங்க போய் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்க.”

போய்ப் பார்த்தார். இன்னொரு காலர் போயிருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் தொக்-சு இளைத்தார். சோற்றைப் பார்த்தால் குற்றவாளி மாதிரி தலை குனிந்தார். மகளுக்கு ஏற்ற மாதிரி சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்று சந்தையில் இருக்கிறதா என்று ரகசியமாக விசாரித்தார். விலை கேட்டுவிட்டு வந்து, கடைக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சொன்ன தேதிக்கு முன்னதாகவே வந்தது. சே-ரின் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தொக்-சுவின் கண்ணாடி ஆவியில் மங்கிப்போயிருந்தது. பெரிய நீல எழுத்தில் ‘தேர்ச்சி’ என்ற ஒரே சொல் மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் அவர் எதையும் படிக்கவில்லை. மகளைத் தூக்கிச் சுற்ற முயன்று, முதுகு பிடித்துக்கொண்டதால் பாதியில் இறக்கிவிட்டார். மி-சுக் உள்ளிருந்து ஓடி வந்தாள். மூவரும் சட்டைகளுக்கு நடுவே நின்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும்,” என்றாள் சே-ரின்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாதுப்பா, அது வந்து...”

“பன்னிரண்டு பேருக்கு நடுவுல புகுந்து எடுத்திருக்கே. இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

மறுபடி ஒரு தடவை வாயைத் திறந்தாள். அதற்குள் தொக்-சு மைத்துனனுக்குப் போன் போட்டிருந்தார். அது முடிந்ததும் ஆசிரியருக்கு. அவரிடம் கருகிய காலருக்குக்கூட இன்று மன்னிப்புக் கேட்டார். சே-ரின் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். மி-சுக் சட்டென்று திரைக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துத் தொக்-சுவும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டியபோது அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது. அத்தனை கூட்டத்திலும் மகளுக்கு இடம் கிடைத்தது எப்படி? அவளைவிட மதிப்பெண் கூட இருந்தவர்கள் கடைசியில் நெரிசலைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்க வேண்டும். நெரிசலை உண்டாக்கியது யார்? இஸ்திரிப் பெட்டி மெல்ல நின்றது. அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு மாதமாகத் தான் செய்ததெல்லாம் முட்டாள்தனம் இல்லை, கொஞ்சம் தாமதமாகப் பலித்த புத்திசாலித்தனம். சாயங்காலம் வருவதற்குள் தொக்-சுவுக்கே தன் மேல் பயம் கலந்த மரியாதை வந்துவிட்டது.

கோட்டை மாட்டிக்கொண்டு சந்தைக் கோடியில் இருந்த குக்கின் கடைக்குப் போனார். ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தாலும், தெருவுக்குக் குறுக்கே கட்டும் வாழ்த்துத் துணியை அச்சடிப்பவர் குக்தான். தன் கடைக்கும் எதிரிலிருக்கும் பொரித்த கோழிக் கடைக்கும் நடுவே, இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி கட்ட வேண்டும் என்றார் தொக்-சு. இருப்பதிலேயே பெரிய எழுத்து வேண்டும் என்றார். பிறகு, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, சாம்பல் கோட்டிலிருந்து எண்ணெய்க் கறை வரைக்கும் நடந்ததை எல்லாம், கொஞ்சம் மெருகேற்றி, எடுத்துச் சொன்னார். குக் காபியை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சது,” என்று முடித்தார் தொக்-சு. “சரி, எழுதிக்குங்க. பான் சலவைக்கடை மகள் பான் சே-ரின், கப்பல் கட்டுமானப் பொறியியல்.”

குக் எழுதிக்கொள்ளவில்லை. பின்னால் காயப் போட்டிருந்த ஒரு நீளத் துணியின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

“மத்தியானமே உங்க பொண்ணு வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு முதலாளி, ‘அப்பா வந்து கப்பல் துறைன்னு எழுதச் சொல்வாரு, நீங்க மின் பொறியியல்னு எழுதுங்க, ஆரம்பத்துல இருந்தே நான் குறி வெச்சது அதுதான், அங்க எனக்கு மேல இருந்தவங்களையெல்லாம் கூட்டமா கப்பல் ஏத்தி அனுப்புறதுக்கு இந்த ஊர்ல அவரை விட்டா வேற ஆளே கிடையாது’ன்னு.”